மேஜருக்குக் கோதுமை கொடுத்த கை

மனுஷருக்குச் சமைக்கிறவளிடம் உப்பு ஏன் கூடிற்று என்று கேட்பார்கள். நாய்க்குச் சமைக்கிறவளிடம் அதில் என்ன கலந்தாய் என்று கேட்பார்கள். அடுத்தவர் வீட்டில் கரண்டி பிடித்தவர்கள் இதைப் படித்தால் நான் விளக்க வேண்டியதில்லை. நம் கை ஈரமாக இருந்தாலே ஏன் ஈரம் என்று ஒரு கேள்வி வரும்.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டியில், ஆணியும் கம்பியும் செய்கிற ஒரு கம்பெனியின் மேனேஜர் பங்களாவில். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்தப் பொட்டலில் ஒவ்வொரு கம்பெனியாக வந்து சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர், படிப்பு அஞ்சாவது. வீட்டுக்காரர் காலமான பிறகு மகளைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தேன். மகன் ராகவன் அதே கம்பெனியில் லேத்து ஓட்டினான். அவனோடு வந்து தங்கினவளைப் பங்களா சமையலுக்குக் கூப்பிட்டார்கள். நாய்க்கும் சேர்த்து என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மேஜரின் பத்தியம்

மேனேஜர் ஐயா மாற்றலாகி வந்தபோது லாரியிலிருந்து கட்டில், பீரோவுக்குப் பிறகு ஒரு அல்சேஷன் நாய் இறங்கியது. பெயர் மேஜர். நான் "அது எங்க படுக்கும்?" என்று கேட்டதற்கு, அம்மா ஒரு பார்வை பார்த்தார்கள். அம்மா என்றால் ஐயாவின் மனைவி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து எனக்கும் மேஜர் "அவர்"தான். அவருக்கு முகம் ராஜா மாதிரி, வயிறு மட்டும் பார்க்கச் சகிக்காது. முடி கொட்டி, தோல் சிவந்து, காதுக்குள் புண். உட்கார்ந்தால் சொறிவார், எழுந்தால் கால் விரலை நக்குவார்.

பொன்னேரியிலிருந்து மாட்டு டாக்டர் வந்து, என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். காலையில் பாலும் ரொட்டியும், மத்தியானம் கறிசோறு, ராத்திரி சப்பாத்தி என்று அம்மா சொன்னார்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வெறும் சோறு, அவித்த ஆட்டுக்கறி, உப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது. அரிப்பு அடங்கின பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடங்கியது. பால் கொடுத்தோம், ஒன்றுமில்லை. முட்டை, ஒன்றுமில்லை. ஒரே ஒரு சப்பாத்தி கொடுத்தோம், மறுநாள் சோபாக் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோதுமைதான் ஆகவில்லை, ரவை, மைதா, பிஸ்கட், ரொட்டி எல்லாம் அந்த வம்சம், ஒரு துணுக்கு வாயில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: "மாட்டுக்கு வைக்கோலை மாத்துன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். சப்பாத்தி ஆகாத நாயை இப்பத்தாம்மா பாக்கறேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சாவி

கொஞ்ச நாள் மேஜர் நன்றாக இருந்தார். வயிற்றில் பூனைமுடி மாதிரி முளைத்தது. ஆடி பிறந்ததும் மறுபடி சொறி, முன்னைவிட மோசம். காதில் ரத்தம். டாக்டர் வந்து பார்த்து, யாரோ கோதுமை கொடுக்கிறார்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இப்படியே வதைபடறதுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிடறது புண்ணியம்" என்றும் சொல்லிவிட்டார். ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஜர் என் காலடியில் படுத்து, வாலை ஒரு தரம் தரையில் அடித்தார். அவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரியும்போல.

ஐயாவுக்கு உடனே யூனியன் மேல் சந்தேகம். கான்டீன் சாப்பாடு சரியில்லை என்று அப்போது தகராறு நடந்துகொண்டிருந்தது. தன் மேல் உள்ள கோபத்தை நாயிடம் காட்டுகிறார்கள் என்று நினைத்தார். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை கோதுமை மாவு டப்பா, ரவை டப்பா, பிஸ்கட் டின் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு தொங்கியது. மேஜரின் சோற்றுக் குண்டானை மோந்து பார்த்தார்கள். என் கையைப் பார்த்தார்கள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள்: "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை லோகம்மா. சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

கூடை

சந்தேகம் சளி மாதிரி, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றும். என்னை அவர்கள் பார்த்த பார்வையை நான் எடுத்துக்கொண்டு போய்ப் பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் குப்பம்மாவைப் பார்த்தேன். அவள் பின்வாசலில் கூடையை இறக்கினதும் மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவார். அவளும் ஒரு பொடிமீனை எடுத்துப் போடுவாள். மீனில் கோதுமை இல்லை, சரி. ஆனால் கூடைக்கு அடியில் ஒரு துணி மூட்டை இருக்கும். அதில் என்ன?

ஒரு நாள் அவள் மீன் கழுவும்போது நான் மெல்ல மூட்டையை அவிழ்த்தேன். கேழ்வரகுக் கூழ்த் தூக்கும் இரண்டு பச்சை மிளகாயும் இருந்தன. அவளுடைய மத்தியானச் சாப்பாடு. திரும்பிப் பார்த்தால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

"எங்க ஏரி மீனத் துன்னு இதுவரைக்கும் ஒரு நாய்க்கும் சொறி வந்ததில்ல. உங்க கம்பெனிப் பொகைய மோந்து பாக்க உங்களுக்கு வக்கில்ல, என் கூழ மோந்து பாக்க வந்துட்டியா யம்மா?"

பொறை

அடுத்தது வாட்ச்மேன் முனுசாமி. இவர் மேல் எனக்கு இருந்தது சந்தேகம் இல்லை, தீர்மானம். கேட்டுக்கு எதிரே டீக்கடை. தினமும் டீயோடு பொறை வாங்குவார். பொறை என்றால் உங்களுக்குத் தெரியும், காய்ந்த ரொட்டி, டீயில் நனைத்தால்தான் பல்லுக்கு இறங்கும், எங்கள் பக்கத்தில் தெரு நாய்க்கு வாங்கிப் போடுகிற தர்மப் பண்டம். பொழுது விடியும்போது மேஜரை வெளியே அழைத்துப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவதும் இவர்தான். ஆளும் இவர், பண்டமும் மைதா. வேறென்ன வேண்டும்?

ஒரு காலை அரிசி களைவதை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். முனுசாமி டீக்கடை வாசலில் பொறையை உடைத்தார். பாதியை அவர் தின்றார். மீதியைக் கேட்டுக்கு வெளியே படுத்திருந்த சடைநாய்க்குப் போட்டார். மேஜர் கேட்டுக்கு உள்ளே கம்பியில் மூக்கை வைத்து ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கு உள்ளே வரவில்லை. எனக்கே மேஜரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னா லோகக்கா, தொட்டிக்குப் பின்னால மழை வருதா பாக்கிறியா?" என்றார் முனுசாமி, திரும்பாமலே. "ஐயா என்னைப் பாத்துக்கச் சொன்னது உன் முந்தானைய, அதுல இன்னா முடிஞ்சிக்கினு வர்றேன்னு. நீ என் பொறையப் பாக்கற. ஆக மொத்தம் நாயி சொறிஞ்சிக்கினுதான் கீது. வெளில கெடக்கறது பொறை துன்னுட்டு கல்லு மாதிரி கீது பாரு. உள்ள இருக்கறதுக்குத்தான் எல்லா நோவும் வரும்."

கரைத்த வெல்லம்

மனுஷரை நம்பினது போதும் என்று ஆவணி அமாவாசைக்குத் திருவள்ளூர் போனேன். வீரராகவப் பெருமாள் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள பரு, மரு, சொறி எல்லாம் அந்த வெல்லம்போலக் கரைந்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. என் மகளுக்கு முதுகில் வந்த கட்டிக்கு நான் கரைத்திருக்கிறேன், போயிருக்கிறது. பஸ் மாறி மாறிப் போய், படியில் இறங்கி, வெல்லக் கட்டியைத் தண்ணீரில் விட்டுக் கண்ணை மூடினேன்.

பக்கத்தில் தன் மருமகளுக்காகக் கரைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, யாருக்கு உடம்பு என்று கேட்டார். பெருமாள் சன்னிதியில் பொய் சொல்ல வரவில்லை. நாய்க்கு என்றேன். அவர் இரண்டு படி தள்ளிப் போய் நின்றார். மறுபடி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அதுவும் வாயில்லாத ஜீவன்தான், தப்பில்ல. ஆனா பெருமாள் கேட்டா நட்சத்திரம் இன்னான்னு சொல்லுவே?"

வீடு திரும்பினால் என்னுடைய பழைய அலுமினியக் குண்டான் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. தீய்ந்த மாவு வாடை. "பசங்க கஞ்சி காச்சினாங்கம்மா" என்றான் ராகவன். சிநேகிதர்கள் வந்தால் ஏதாவது கிண்டுவார்கள், ஆம்பிளைப் பிள்ளைகள், தீய்க்கத்தான் தெரியும். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

மழை விட்டது

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அமாவாசை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, மழையோடு மேஜரின் அரிப்பும் நின்றது. காதுப் புண் காய்ந்தது. நான் பெருமாளுக்கு மனசுக்குள் இன்னொரு கட்டி வெல்லம் நேர்ந்துகொண்டேன். அம்மாகூட அலமாரிச் சாவியை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மழை விட்டது. வெயில் அடித்தது. மறுநாளே மேஜர் வராந்தா முழுக்க உருண்டார். சாவி அம்மாவின் இடுப்புக்குத் திரும்பிற்று.

அன்று ஐயா சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். அவர் அந்தப் பக்கம் வருகிற ஆள் இல்லை. மேஜரின் தட்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "உங்க பையன் ராகவன் யூனியன்லதானே இருக்கான்?" என்றார். எல்லாரும்தான் இருக்காங்க ஐயா என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரி கேட்டது. ஆயுத பூஜைக்கு இன்னும் அதிகம் நாளில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார். "நாய் ஆளை நம்பறதில்லை லோகம்மா, கையைத்தான் நம்பும். அந்தக் கையை நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

சுவர்

மறுநாள் வழக்கத்தைவிட முன்னால் வேலைக்குக் கிளம்பினேன். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பொழுது புலரும் நேரம். பங்களாவின் வெளிச் சுவர் நெடுக்கப் போஸ்டர். "கான்டீனில் மனிதர் உண்ணும் உணவு வேண்டும்" என்று சிவப்பு எழுத்து. முனுசாமி பரபரவென்று கிழித்துக்கொண்டிருந்தார். ஐயா எழுந்து பார்ப்பதற்குள் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாட்ச்மேன் தூங்கினான் என்று பெயர் வரும். அதனால் போஸ்டர் ஒட்டப்படுகிறது என்ற விஷயமே பங்களாவுக்குள் வந்ததில்லை. ஒரு தாளைக் கிழித்துக் கீழே போட்டார். இன்னொன்றைக் கிழித்துப் போட்டார்.

மேஜர் பக்கத்தில்தான் நின்றார். கீழே விழுந்த தாளை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு, பின்பக்கத்து ஈரப் பசையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. பாயசம் குடித்த இலையை வழிக்கிற மாதிரி ஒரு திருப்தி.

"முனுசாமி, அவர் வாயில என்ன?" என்றேன்.

"தாளு. கிழிச்சிப் போட்டத மோந்துக்கினு கீது."

"எத்தனை நாளா?"

"மழை பேஞ்சா ஒட்ட மாட்டானுங்க. இல்லாங்காட்டி ரெண்டு நாளிக்கு ஒருதரம் இந்தப் பேஜாருதான்." அவர் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது அவருக்கு இன்னும் புரியவில்லை. நான் ஒரு தாளை எடுத்து மோந்து பார்த்தேன். மைதா. அதிலும் அடிப்பிடித்த மைதா. அந்தத் தீய்ந்த வாடையை நான் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

"யக்கா, நீ ஏன் அத்த மோந்து பாக்கற?" என்றார் முனுசாமி, உண்மையாகவே கவலைப்பட்டு. "அது பசைக்கா. பசைய எவனாவது துன்ற ஐட்டம்னு சொல்லுவானா?"

வேப்பிலை

அன்று முழுக்க எனக்குச் சமையல் ஓடவில்லை. ஐயாவிடம் சொன்னால் மேஜர் பிழைப்பார். ஆனால் அடுத்த கேள்வி, பசை யார் வீட்டில் காய்ச்சினது? சொல்லாவிட்டால் ஆயுத பூஜைக்கு ஊசி. மேஜர் என்னவோ கதவோரம் படுத்து, காதைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ராகவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் குண்டானை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "கஞ்சி யாருக்கு நைனா காச்சின?" என்றேன். அவன் முதலில் சிரித்தான். மேஜர் சமாசாரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அதுக்கு ஊசியா? எங்களுக்கு மேனேஜரோடதாம்மா சண்டை, நாயோட இல்ல" என்றான். கொஞ்சம் யோசித்து, பசையில் மயில்துத்தம் போட்டால் பூச்சியும் வராது, நாயும் கிட்ட வராது என்றான். அது விஷம்டா என்றேன். போஸ்டர் ஒட்டாமல் இரு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கான்டீன் சோற்றை ஒரு நாள் அவன் டப்பாவில் கொண்டுவந்து காட்டியிருந்தான்.

கடைசியில் நானே எழுந்து போய் வேப்பங்கொழுந்து பறித்து வந்து, தண்ணீர் பச்சையாகக் கறுக்கும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டினேன். அந்தக் கஷாயத்தில் மைதாவைக் கரைத்துக் கட்டி தட்டாமல், அடிப்பிடிக்காமல் கிண்டிக் கொடுத்தேன். அவன் சிநேகிதர்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராகவன் விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணிப்போயிற்று.

"இத்த ஒருவாட்டி நக்கினா நாயி மட்டும் இல்லம்மா, செவுரே நம்ம பக்கம் திரும்பாது."

யாருக்கு ஜெயம்

மறுநாள் காலை நானும் சுவரோரம் போய் நின்றேன். முனுசாமிக்கு இப்போது என் மேல் பயம் வந்திருந்தது. மேஜர் ஒரு தாளை நக்கினார். தலையை உதறினார். தும்மினார். அடுத்த தாளை மோந்து பார்த்துவிட்டு, இதுவரைக்கும் தான் அந்தப் பக்கமே வந்ததில்லை என்கிற மாதிரி நடந்து போய்விட்டார்.

புரட்டாசி பிறந்தது. நான் அந்த மாசம் கறி தொடுகிறவள் இல்லை. பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தனிப் பாத்திரத்தில் மேஜருக்கு மட்டும் அவித்தேன். புண் காய்ந்தது, முடி முளைத்தது. ஆயுத பூஜை அன்று அம்மா அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் மாலை போட்டார்கள். டாக்டர் தன் களிம்பைப் புகழ்ந்தார். அம்மா சாவியைத் தட்டிக் காட்டினார்கள். குப்பம்மா, தான் போட்ட பொடிமீன்தான் என்றாள். பெருமாளுக்கு நேர்ந்த வெல்லத்தை நான் கரைத்துவிட்டு வந்தேன். வேப்பங்கொழுந்தை எனக்கு நினைவுபடுத்தினது அவர் இல்லாமல் வேறு யார்? ஐயா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யூனியன் ஆள் பயந்துவிட்டான், இனிமேல் கொடுக்க மாட்டான் என்று ரகசியம்போலச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அதுவும் ஒரு விதத்தில் நிஜம்தானே.

கான்டீன் சோறு அப்படியேதான் இருந்தது. போஸ்டர் தொடர்ந்து ஒட்டினார்கள், முனுசாமி தொடர்ந்து கிழித்தார். ஒரு ராத்திரி ராகவன் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே, மேஜருக்கு நான் என்னென்ன போடுகிறேன் என்று கேட்டான். நல்ல அரிசி, ஆட்டுக்கறி, முட்டை, பால் என்று சொன்னேன். கையை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

"நல்ல சாப்பாடு வேணும்னு போஸ்டர் ஒட்னது நாங்க. ஜெயிச்சது நாயி."

இத்தனை பேர் கையை இத்தனை பேர் மோந்து பார்த்த அந்த வீட்டில் கடைசிவரை என்னை நம்பினவர் மேஜர் ஒருத்தர்தான், அவரும் தட்டை வைத்ததும் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயை வைப்பார்.